அப்பாவுக்குக் கிண்டிலா, டேப்லெட்டா?

திண்ணைவாசி:
அப்பாவுக்கு 71 வயசு, காரைக்குடி பக்கம் கிராமத்துல இருக்கார். போன வருஷம் ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. தினமும் நாலு மணி நேரமாவது படிக்கிற ஆள். தலையணை சைஸ் நாவலைத் தூக்கிப் பிடிச்சா மணிக்கட்டு வலிக்குதுன்னு இப்பல்லாம் பாதியிலயே மூடி வச்சுடுறார். 17,000 ரூபாய் வரைக்கும் போகலாம். கிண்டில் (அமேசானோட மின்புத்தகக் கருவி) வாங்கவா, 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கவா?

மின்மினி:
கிண்டில்தான், யோசிக்கவே வேண்டாம். எங்க அம்மா மூணு வருஷமா வச்சிருக்காங்க. 6 அங்குல மாடல் வெறும் 158 கிராம். இ-இங்க் திரையில கறுப்பு வெள்ளை நுண்துகள்தான் மேலயும் கீழயும் நகர்ந்து எழுத்தா நிக்குது. பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்குக் கரண்ட் வேணும். அதனால வாரக்கணக்குல சார்ஜ் நிக்கும். முற்றத்து வெயில்லயும் அச்சடிச்ச தாள் மாதிரி தெரியும். தமிழ்ப் புத்தகம் 2016 டிசம்பர்லேர்ந்து விக்கிறாங்க. எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும் வரி தானா மடங்கிக்கும்.

பழையபேப்பர்:
வரி மடங்கும், ஆனா எந்தக் கோப்புல? அவர் அப்பா என்ன படிக்கிறார்னு யாருமே கேக்கலையே.

நான் ஒரு 6 அங்குல ரீடர் வாங்கி ஏமாந்தவன். என் சேகரிப்புல முக்காவாசி ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், அதாவது பக்கத்தோட படம், அதுல வரி மடங்காது. டெம்மி சைஸ் புத்தகத்தோட பக்க அகலம் 14 செ.மீ., அந்தத் திரையோட அகலம் 9 செ.மீ. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடும். பெருசாக்கினா வரியோட வால் வெளியில போயிடும், திரை ஒவ்வொரு தடவையும் கறுப்பாகி வெளுக்கும். 10 அங்குல டேப்லெட் திரை கிட்டத்தட்ட அதே டெம்மி பக்கத்தளவு. புத்தகம் இருக்கிறபடியே தெரியும்.

மின்மினி:
ஸ்கேனை ஓசிஆர் மென்பொருள் போட்டு எழுத்தாக்கிக்கலாமே பாஸ்.

பழையபேப்பர்:
போட்டுப் பாத்தாச்சு. புதுப் புத்தகம்னா பரவாயில்ல. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தி அச்சானதுல தும்பிக்கை வச்ச 'லை', 'ணை', பழைய 'றா', 'னா' எல்லாம் வருது. எனக்கு அது பண்ணிக் கொடுத்த ஒரு பக்கத்தைத் திருத்தவே அரை மணி ஆச்சு. அதுக்குக் கையால தட்டச்சே பண்ணிடலாம்.

மின்மினி:
எல்லாமே ஸ்கேன்தான்கிற மாதிரி பேசாதீங்க. மதுரைத் திட்டம் 1998லேர்ந்து பழைய நூல்களை எழுத்து வடிவத்துல ஏத்திட்டு இருக்கு, காசும் கிடையாது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல இபப் கோப்பாவே (வரி மடங்குற மின்புத்தக வடிவம்) கிடைக்குது. 2022லேர்ந்து இபப்பை அப்படியே கிண்டிலுக்கு மெயில் பண்ணலாம். அப்புறம், டேப்லெட்ல யாரு சார் படிக்கிறா? பத்தாவது நிமிஷம் வாட்ஸ்அப் மணி அடிக்கும், அங்கேர்ந்து சமையல் வீடியோ. நீல ஒளி கண்ணுக்குக் கெடுதல் வேற.

கண்ணாடிக்கடை:
கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். திரையில வர்ற நீல ஒளி கண்ணைக் கெடுக்கும்னு நிரூபணம் கிடையாது, கண்ணாடி விக்கிற நானே சொல்றேன். உத்துப் பாக்கிறப்ப சிமிட்ட மறந்துடுறோம், எரிச்சல் பெரும்பாலும் அதனால வர்றதுதான். எழுத்து பெருசா, கறுப்பா, தெளிவா இருந்தா எந்தத் திரையும் சரி.

ஈரோட்டான்:
17,000 ரூபாய்க்கு, 300 ரூபாய்ப் புத்தகமா 56 வாங்கலாம். நூலகத்துல சேர்ந்தா அதுவும் மிச்சம். நான் சொன்னா யார் கேக்கப் போறீங்க.

திண்ணைவாசி:
அண்ணே, மணிக்கட்டு வலின்னு முதல் பதிவுலயே போட்டிருக்கேன்.

பழையபேப்பர்:
இன்னொண்ணு. கிண்டில்ல காசு கொடுத்து வாங்குறது புத்தகம் இல்ல, படிக்கிற உரிமம். 2009ல வித்த புத்தகத்தையே அமெரிக்காவுல வாங்கினவங்க கருவியிலேர்ந்து அமேசான் அழிச்சது, அப்புறம் மன்னிப்பும் கேட்டது. வாங்கினதைக் கணினியில இறக்கி யுஎஸ்பி வழியா மாத்திக்கிற வசதியையும் 2025 பிப்ரவரி 26ல நிறுத்திட்டாங்க.

மின்மினி:
71 வயசுக்காரருக்கு இதெல்லாம் ஒரு கவலையா?

பழையபேப்பர்:
ஏன், பேரனுக்கு விட்டுட்டுப் போக மாட்டாரா?

மின்மினி:
சரி, அது நியாயம், ஒத்துக்கிறேன். ஆனா மலிவு டேப்லெட் மூணு நாலு வருஷத்துல அப்டேட் நின்னு திணற ஆரம்பிச்சுடும். அப்ப பேரனுக்கு எதை விட்டுட்டுப் போவீங்க?

பழையபேப்பர்:
கோப்பை. கருவி எப்படியும் சாகும், மெமரி கார்டை உருவி அடுத்ததுல போட்டுக்கலாம். ஸ்கேன் படமா இல்லாம யூனிகோட் எழுத்தா இருந்தா ஆண்ட்ராய்டு தமிழ்ல வாசிச்சும் காட்டும். கண் அசந்தா கேட்டுக்கலாம்.

திண்ணைவாசி:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். பழையபேப்பர் சார் கேட்டதை அப்பாகிட்டயே கேட்டேன். அடுத்துப் படிக்கணும்னு 20 புத்தகம் எழுதிக் கொடுத்தார். தேடினதுல 13 ஸ்கேனாத்தான் கிடைச்சுது, 4 எழுத்து வடிவத்துல, 3 எங்கயுமே இல்ல. போதாக்குறைக்கு வாரப்பத்திரிகை கலர்ல வேணுமாம். அதனால டேப்லெட்.

ஆனா மின்மினி சொன்ன எடை விஷயம் நிஜம்தான். டேப்லெட் கிட்டத்தட்ட அரைக் கிலோ. சாய்வு நாற்காலியில படுத்துப் படிச்சவர் அசந்து, மூக்கு மேல போட்டுக்கிட்டார். இப்ப பூஜை அறையில இருந்த, புத்தகம் வச்சுப் படிக்கிற மர வியாசபீடத்துல நிக்க வச்சுக் கை படாம படிக்கிறார். வாட்ஸ்அப் போடல, கேக்கவும் இல்ல.

ஈரோட்டான்:
வியாசபீடம் வீட்லயே இருந்துச்சா? அதுல அந்தத் தலையணை நாவலையே வச்சிருக்கலாமே தம்பி!

திண்ணைவாசி:
வச்சும் பாத்தோம்ணே. கையை எடுத்தா மூடிக்குது. துணி மாட்டுற கிளிப் போட்டா, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதைக் கழட்டி மாட்டணும்னு திட்டுறார்.