ஓவியம் சமூக வரலாற்றுக்குச் சான்றாகுமா? பூக்கடைகளை வரைவது குறித்து ஒரு கேள்வி

தேக்காவாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் (தேக்காவில்) உள்ள பூக்கடைகளையும் அங்கு மாலை கட்டுவோரையும் சில காலமாகப் புகைப்படம் எடுத்து, அவற்றைப் பார்த்துத் தைலவண்ணத்தில் வரைந்து வருகிறேன். அண்மையில் முடித்த ஓவியத்தில், கேம்பல் லேனில் படமெடுத்த கடையையும் பஃபலோ ரோட்டில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரையும் ஒன்றாகச் சேர்த்தேன். கண்ணை உறுத்தியதால், கடை முகப்பில் தொங்கிய பேநவ் கியூஆர் அட்டையையும் (கைப்பேசியில் பணம் செலுத்துவதற்கான குறியீட்டு அட்டை) மல்லிகை வந்திறங்கும் தெர்மோகோல் பெட்டிகளையும் விட்டுவிட்டேன். படத்தைப் பார்த்த நண்பர், "அழகாக இருக்கிறது, ஆனால் இது வரலாறு ஆகாது" என்றார். புகைப்படம் மட்டும்தான் சான்றா? ஓவியத்துக்கு அந்தத் தகுதி கிடையாதா?

வாசுகி:
இரண்டு இடங்களைச் சேர்த்து வரைந்தது குறையில்லை என்பது என் கருத்து. சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் ஓவியர் சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' இருக்கிறது. மாணவர்கள் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் கற்கிறார்கள், "உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்?" என்ற இரண்டு கேள்விகள் கரும்பலகையில் மலாயில் எழுதப்பட்டிருக்கின்றன. அப்படியே ஒரு வகுப்பு ஒருநாள் நடந்ததா என்று யாரும் தேடிக்கொண்டிருப்பதில்லை. தன்னாட்சி கிடைத்த அந்த ஆண்டில், பல இடங்களிலிருந்து வந்து குடியேறிய மக்கள் ஒரு பொதுமொழியின் வழியே தங்களை யாரென்று சொல்லிக்கொள்ள முயன்றார்கள் என்பதை, அன்று எடுத்த எந்த வகுப்பறைப் புகைப்படத்தையும்விட அந்த இரண்டு கேள்விகளும் அந்த மேசையும் தெளிவாகச் சொல்கின்றன. ஓவியர் தேர்ந்தெடுத்து அடுக்கியதால்தான் அது சான்றாகிறது. அக்காலத்தவர் தங்களை எவ்வாறு காண விரும்பினார்கள் என்பதற்கான சான்று.

ஆனால் கியூஆர் அட்டையை நீங்கள் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில், நாரும் நூற்கண்டும் கிடக்கும் பலகைக்கு மேலே தொங்கும் அந்த அட்டைதான் உங்கள் ஓவியம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். அதை எடுத்துவிட்டால், எப்போதுமே இல்லாத ஒரு பழைய தேக்காவை வரைந்தவர் ஆகிவிடுவீர்கள். தெர்மோகோல் பெட்டியும் அப்படித்தான்: பூ இங்கே பூப்பதில்லை, பயணப்பட்டு வருகிறது என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

செம்பவாங் கதிர்:
வாசுகி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் ஐயத்துடன் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த ஜி.ஆர். லாம்பர்ட் முதலிய புகைப்பட நிறுவனங்கள், உள்ளூர் மக்களை இனவாரியான 'மாதிரிகளாக' நிறுத்திப் படமெடுத்து விற்றன. அவற்றில் இருக்கும் தமிழர்களின் முகம் நமக்குக் கிடைத்திருக்கிறது, பெயர் கிடைக்கவில்லை. சுவா மியா டீ 1955இல் மிகுந்த பரிவோடு வரைந்த உருவப்படத்துக்கும் 'சாலைக் கட்டுமானத் தொழிலாளி' என்றுதான் தலைப்பு. இந்நகரத்தின் சாலைகளையும் துறைமுகத்தையும் உருவாக்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது வெறும் விவரக்குறைவாகத் தோன்றுவதில்லை, மனத்தை வருத்துகிறது. எனவே, பஃபலோ ரோட்டுப் பெரியவரிடம் சென்று படத்தைக் காட்டி அனுமதி கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் பெயர், ஊர், யாரிடம் மாலை கட்டக் கற்றார் என்பவற்றை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து வாய்மொழி வரலாற்றைத் திரட்டி வருகிறது. அங்குள்ள பதிவுகளைக் கேட்டுப் பார்த்தால் எப்படிக் கேள்வி கேட்பது என்பது பிடிபடும்.

மலர்விழி:
நினைவிலிருந்து வரைவதற்கும் இடம் உண்டு. 1961 மே 25ஆம் தேதி சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் பரவிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அதைப் பற்றிய லிம் இயூ குவானின் மரச்செதுக்கு ஓவியம் 1966இல் வந்தது. நம் காலத்தில் ஓவியர் யிப் இயூ சோங், 1970களின், 80களின் சிங்கப்பூரை 60 மீட்டர் நீள ஓவியமாக வரைந்து 2023இல் மக்கள் பார்வைக்கு வைத்தார். அந்தக் காலத்தை வாழ்ந்தவர்கள் நின்று தங்கள் தெருவைத் தேடுவதற்கு இடம் தரும் ஓவியம் அது. எனவே அட்டையை வரைவதும் விடுவதும் உங்கள் உரிமை என்றே நான் நினைக்கிறேன். விட்டதை எழுதி வைத்தால் போதும்.

தேக்காவாசி:
மூவருக்கும் நன்றி. பெரியவரைச் சந்திக்க இந்த வாரமே செல்கிறேன். எழுதி வைப்பது என்றால் எங்கே, எப்படி?

வாசுகி:
ஓவியத் துணியின் பின்புறத்தில் எதுவும் எழுதாதீர்கள், மை முன்பக்கத்துக்கு ஊறக்கூடும். மரச்சட்டத்தில் பென்சிலால் ஓர் எண் இடுங்கள். அதே எண்ணில் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் தொடங்கி, எந்தெந்தப் புகைப்படங்களிலிருந்து எந்தப் பகுதி வந்தது, அவை எடுத்த நாளும் தெருவும், அமர்ந்திருப்பவர் யார், எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று எழுதுங்கள். வெட்டாத, நிறம் திருத்தாத மூலப் புகைப்படங்களை இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து வையுங்கள். அட்டையும் பெட்டியும் அவற்றில் இருக்கின்றன அல்லவா?