‘இரட்டிப்பு நேரக்கட்டுப்பாடு’ வேண்டாம், ‘முறைவைப்பு’ போதும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

செல் பிரியும் முன் டிஎன்ஏ நகலெடுக்கப்படும் இரட்டிப்பாதலில் எந்தப் பகுதி முந்தும், எது பிந்தும் என்னும் ஒழுங்குக்கு (ஆங்கிலத்தில் ‘ரெப்ளிகேஷன் டைமிங்’) ‘இரட்டிப்பு நேரக்கட்டுப்பாடு’ என்று சென்ற மடலில் வந்திருந்தது. செல்லுக்குள் யாரோ கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது இந்தச் சொல்.

மனித செல்லில் இரட்டிப்பு தொடங்கும் இடங்கள் பல்லாயிரம். எல்லாம் ஒன்றாகத் தொடங்குவதில்லை. ஏறத்தாழ 8 மணி நேரத்தில் பகுதி பகுதியாகத் தொடங்குகின்றன. மரபணு செறிந்த, தளர்வான பகுதிகள் முந்தும். இறுகச் சுருண்டவை பிந்தும். தொடக்கிவைக்கும் புரதங்கள் கொஞ்சமே என்பது ஒரு முக்கியக் காரணம். ஓரிடத்தில் வேலை முடித்தவைதான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஈஸ்ட்டில் அந்தப் புரதங்களை மிகுதியாக்கினால், பிந்த வேண்டியவையும் முந்திவிடுகின்றன.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் நான்கு மதகுக்கும் ஒரே லஸ்கர், அதாவது மதகு திறக்கும் பாசனப் பணியாளர். ஷட்டர் திருகும் கைப்பிடியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். ஒன்றைத் திறந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். அவர் கையில் கடிகாரத்தை நான் பார்த்ததில்லை. எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்பது மட்டும் தவறியதில்லை. ஆகவே ‘இரட்டிப்பு முறைவைப்பு’ என்போம். தொடங்குமிடம் ‘மடை’. அது செயல்படத் தொடங்குவதை ஒரு பட்டியலில் ஆங்கில ‘ஃபயரிங்’கை அப்படியே பெயர்த்துச் ‘சுடுதல்’ என்று பார்த்துத் திடுக்கிட்டேன். ‘மடைதிறப்பு’ இருக்கத் துப்பாக்கி எதற்கு?

*

ஐயா, கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். முறைவைப்பு பிடித்திருக்கிறது. ஆனால் பிந்தும் பகுதியை அடுத்து யாராவது ‘கடைமடை’ என்பார்கள். கடைமடை தூரத்தால் பிந்துகிறது. குரோமோசோமில் பிந்தும் பகுதிக்கு மடைகள் அங்கேயே உண்டு. ரிஃப்1 போன்ற புரதம் திறக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. இன்னொன்று: ஒரு செல்சுழற்சியில் எந்த மடையும் ஒரு முறைக்கு மேல் திறக்கக் கூடாது. அங்கும் ‘முறை’ வந்து இடறுமே? 1988இல் ப்ளோ, லாஸ்கி என்னும் ஆய்வாளர்கள் இதை விளக்க முன்வைத்த ‘லைசென்சிங்’ (மடைக்கு முன்கூட்டியே அனுமதி தருதல்) கருத்துக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

*

அம்மா, கடைமடையை இப்போதே கைவிட்டேன். எண்ணிக்கைக்குத் ‘தடவை’ என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

லைசென்சிங்தான் சிக்கல். டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க உதவும் எம்சிஎம் புரதங்களை இரட்டிப்புக்கு முன்பே மடைகளில் ஏற்றி வைக்கிறது செல். இரட்டிப்பு தொடங்கிய பிறகு புதிதாக ஏற்ற முடியாதபடி ஜெமினின் என்னும் புரதம் முதலியவை தடுக்கின்றன. ‘உரிமம்’ என்றால் தாலுகா அலுவலக வாசல் நினைவுக்கு வருகிறது. நெல் கொள்முதல் நிலையத்து ‘டோக்கன்’ சரியாக இருக்கும் என்று இரவெல்லாம் மகிழ்ந்திருந்தேன். முன்கூட்டியே கொடுப்பது, ஒரு தடவைதான் செல்லும். காலையில்தான் உறைத்தது: டோக்கனில் வரிசை எண் இருக்கும். எம்சிஎம் ஏறிய மடை முதலில் திறக்குமா, கடைசியில் திறக்குமா, திறக்காமலே போகுமா என்பது பிறகுதான் தெரியும்.

‘இசைவேற்றம்’ எப்படி? இசைவும் இருக்கிறது, ஏற்றுவதும் இருக்கிறது. இசையோடு சேர்த்துப் படித்துவிடுவார்களோ என்பது மட்டும்தான் என் கவலை.