பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தங்களோடு இணையத்தில் தேடுவது எப்படி?

மல்லியப்பூ சந்தி:
வணக்கம். அட்டனில் சட்டத்தரணியாக இருக்கிறேன். தொழிலுக்கு வந்து மூன்று வருடம். போன மாதம் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய தம்பி கலவரத்துக்குப் பிறகு அகதியாகத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போய், இப்போது திரும்பி வந்திருக்கிறார். அவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்குமா என்று கேட்டார்.

போனிலேயே தேடினேன். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் முதலில் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வசித்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் என்று இருந்தது. "நடுவில் நாட்டை விட்டுப் போயிருக்கிறாரே, கஷ்டம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறப்புப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் திரும்பச் சுற்றிக்கொண்டு எழுந்து போனார்.

அன்று மாலை என் சீனியர் கேட்டார்: "2009 திருத்தம் பார்த்தீங்களா?" நான் பார்க்கவில்லை. அகதியாக இந்தியா போனவர்களுக்காகவே செய்த திருத்தம் அது. மறுநாள் தோட்டத்துக் கடைக்கு போன் போட்டு அந்த அம்மாவைத் திரும்ப வரச் சொன்னேன். இன்னும் மனது ஆறவில்லை.

ஒரு சட்டத்தின் எல்லாத் திருத்தங்களையும் தவறாமல் கண்டுபிடிக்க என்ன வழி? அதோடு, அவருடைய தாத்தா காலத்தில் தோட்டம் யார் கையில் இருந்தது என்றும் தேட வேண்டும். தமிழில் தேடினால் பாதி ஆவணம் சிக்குவதே இல்லை.

ஊவா நூலகர்:
தம்பி, முதலில் சட்டத்தின் ஆங்கிலப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். தமிழில் பிரஜாவுரிமை, பிரசாவுரிமை, குடியுரிமை என்று ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

ஆனால் கூகுளை மட்டும் நம்பி வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லாதீர்கள். பாராளுமன்றத் தளத்தில் சட்டங்கள் வருட வாரியாக இருக்கின்றன. 2003 இல் தொடங்கி இந்த வருடம் வரை பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து, "திருத்தம்" என்று வரும் பெயர்களை மட்டும் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் எதுவும் தப்பாது. திருத்தம் ஏன் வந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த நாளின் ஹன்சார்டையும் (பாராளுமன்ற விவாதப் பதிவு) அங்கேயே எடுக்கலாம்.

வர்த்தமானிக்கு, அதாவது அரசிதழுக்கு, அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் தளம். அங்கே ஆங்கிலப் பிரதி கிடைத்து தமிழ்ப் பிரதி கண்ணில் படவில்லையா? கோப்பின் பெயர் முடிவில் ஆங்கில 'ஈ' எழுத்து இருக்கும். முகவரியில் அதை 'டீ' ஆக்கிப் பாருங்கள், பல தடவை தமிழ் திறக்கும். தமிழ்ப் பிரதியை மட்டும் வைத்து வாதாட வேண்டாம். நம் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் முரண் வந்தால் சிங்களப் பிரதிதான் மேலோங்கும்.

பசறை மாஸ்டர்:
தமிழில் சிக்காததற்கு இரண்டு காரணம். ஒன்று எழுத்துக்கூட்டல். அட்டன், ஹட்டன், ஹற்றன். நுவரெலியா, நுவரெலிய, நூரளை. எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். நடுவில் 'ஓஆர்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டால் ஒரே தடவையில் முடியும்.

மற்றது பாமினி. பழைய பீடிஎப் கோப்புகள் பல அந்த எழுத்துருவில் அடித்தவை. பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில விசை எழுத்துகள். ஒரு வரியைக் கொப்பி பண்ணி வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் விளங்கும். யூனிகோட்டில் "தோட்டம்" என்று தேடினால் அது எப்படி வரும்? உங்கள் சொல்லைப் பாமினிக்கு மாற்றி, அந்தக் கோப்புக்குள் தேடுங்கள். படமாக ஸ்கேன் செய்த பக்கம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, டொக்ஸில் திறங்கள். தமிழை ஓரளவு எழுத்தாக்கித் தரும்.

தோட்டத்துக்கு வருவோம். நம் ஆட்கள் சொல்லும் பெயரில் எந்தப் பழைய பதிவும் கிடைக்காது. முதலில் அந்த அம்மாவிடமோ தோட்டத்து ஒபிசிலோ ஆங்கிலப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் இன்டர்நெட் ஆர்கைவில் பெர்கியூசன் சிலோன் டிரெக்டரி பழைய தொகுதிகளைத் தேடுங்கள். தோட்டம், உரிமையாளர், துரை (தோட்ட நிர்வாகி), ஏக்கர் எல்லாம் வரிசையாக இருக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு 'நூலகம்' திட்டம் என்ற இணைய நூலகம். 2005 இல் தொடங்கியது; மலையகச் சஞ்சிகைகள், நினைவு மலர்கள் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். உள்ளடக்கத்தைத் தேடுவதை விடத் தலைப்பையும் வருடத்தையும் வைத்து மேய்வதுதான் பலன் தரும். நான் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டுக்கு எழுந்த நாட்கள் உண்டு.

லிந்துலை அக்கா:
ஒன்று சேர்க்கிறேன். ஏஐ செயலியிடம் கேட்டு வழக்கு இலக்கம் எடுக்க வேண்டாம் தம்பி. எனக்கு ஒரு தடவை இல்லாத தீர்ப்பு ஒன்றை ஆண்டோடு தந்தது. தேடுசொல் யோசிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லியப்பூ சந்தி:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு வருட வாரியாகப் பார்த்து 2009 திருத்தத்தின் மூன்று மொழிப் பிரதியையும் எடுத்துவிட்டேன். மாஸ்டர் சொன்ன டிரெக்டரியில் தோட்டத்தின் பெயரும் இருக்கிறது. வியாழக்கிழமை அந்த அம்மா தம்பியோடு வருகிறார். பொலித்தீன் பையை அப்படியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.