சைக்கிளோடு வராத வெளிக் கம்பனிச் செயினும் ஃப்ரீவீலும் மலைக்குத் தாங்குமா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொட்டகலையிலிருந்து:

2022இல் பெட்ரோலுக்குக் கியூவில் நின்று நின்று அலுத்து, ஜப்பானிலிருந்து வந்த பழைய 21 கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை, இன்றைக்கும் தலவாக்கலைக்கு வேலைக்குப் போவது அதில்தான். போன வருடம் செயின் தேய்ந்துவிட்டது. சைக்கிளோடு வந்த அதே கம்பனிச் செயின் எங்கேயும் கிடைக்கவில்லை. கடையில் கேஎம்சி கம்பனிச் செயின் ஒன்றும், பெயரே இல்லாத பெட்டியில் ஒன்றும் காட்டினார்கள். மலிவானதை வாங்கி வந்து நானே மாட்டினேன். அன்று மாலை திரும்பி வரும்போது, டெவன் நீர்வீழ்ச்சி தாண்டி ஒரு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க, செயின் டக்கென்று பல்லைத் தாண்டி, முழங்கால் ஹேண்டிலில் இடித்து, நடுரோட்டில் விழுந்தேன். பின்னால் பஸ் ஒன்றும் வராததால் தப்பினேன்.

புதுச் செயினைத்தான் முதலில் திட்டினேன். அது பிழை. ஒரு கண்ணி அரை அங்குலம், ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். கழற்றிய பழைய செயினை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் 12க்கு மேல் எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தது, அதாவது 1 சதவீதம். அவ்வளவு தூரம் விட்டால் பின்சில்லுப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லும் அந்தச் செயினோடு சேர்ந்தே தேய்ந்துபோகும், அதற்கு மேல் எந்தக் கம்பனிச் செயின் போட்டாலும் அதில் உட்காராது. பதினாறில் ஒரு அங்குலம் நீளும்போதே மாற்றியிருந்தால் ஃப்ரீவீல் பிழைத்திருக்கும்.

அப்புறம் ஃப்ரீவீலையும் மாற்றினேன். ஆனால் அந்தப் பெயரில்லாத செயின் நாலே மாதத்தில் பதினாறில் ஒன்றைத் தாண்டிவிட்டது. இப்போது கேஎம்சி போட்டுப் பத்து மாதம், அதே ரோடு, மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அதே மழை, தோட்டத்து ரோட்டு மண் எண்ணெயோடு சேர்ந்து அரைத்த விழுது மாதிரி ஒட்டுகிற அதே சேறு, இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. இரண்டுமே வெளிச் சாமான்தான், செய்கிற ஆளில்தான் வித்தியாசம். பின்னால் கியர் மாற்றுகிற டெரைலரும் ஆடுகிறது. அதற்கும் வெளிச் சாமான் போடலாமா?

நானுஓயாவிலிருந்து:

அண்ணா, பெயரில்லாத டெரைலர் மட்டும் வேண்டாம். நான் போட்டேன். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் மூட்டுகள் தளர்ந்து பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. நுவரெலியாவுக்கு ஏறும்போது கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன், டெரைலர் அப்படியே சில்லுக் கம்பிக்குள் போய்ச் சிக்கிவிட்டது. நாலு கம்பி அறுந்தது, அதைத் தாங்குகிற ஹேங்கர் வளைந்தது, வீடு வரை தள்ளிக்கொண்டுதான் வந்தேன். செயின் கெட்டால் செயினோடு போகும், இது கெட்டால் சில்லையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஷிமானோ கம்பனியின் டூர்னி டெரைலர் விலையில் பெரிய வித்தியாசமில்லை. மைக்ரோஷிஃப்ட் வெளிச் சாமான்தான், ஆனால் என் தம்பியின் சைக்கிளில் இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை.

பண்டாரவளையிலிருந்து:

நான் பாடசாலைக்குச் சைக்கிளில் போகிற டீச்சர். எனக்கு வெளிச் சாமானால் பெரிய நன்மைதான் கிடைத்தது. சைக்கிளோடு வந்த ஃப்ரீவீலில் பெரிய சக்கரத்துக்கு 28 பல், முன்னாலும் சின்னச் சக்கரத்துக்கு 28 பல். 26 அங்குலச் சில்லு என்பதால் பெடல் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகும், அது நம் ஏற்றங்களுக்குக் கூடுதல். 14 பல்லிலிருந்து 34 பல் வரை உள்ள சன்ரேஸ் கம்பனி ஃப்ரீவீல் போட்டேன், இப்போது 1.7 மீட்டர்தான். இறங்கித் தள்ளுகிற இடங்களில் பாதி குறைந்துவிட்டது, முழங்கால் வலியும் போய்விட்டது. குறை ஒன்று: 24 பல்லிலிருந்து ஒரே தாவலாக 34க்குப் போகும், அந்த நேரம் மிதியை லேசாக விட வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் டெரைலர் 34 பல் வரை தாங்குமா என்று பாருங்கள், செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டும். சில்லில் இருப்பது மறையில் முறுக்குகிற ஃப்ரீவீலா, சொருகுகிற கேசட்டா என்றும் பாருங்கள், ஒன்றுக்கு மற்றது சரிவராது. 6, 7, 8 கியருக்கு ஒரே செயின் போதும், 9க்கு ஒடுங்கியது வேண்டும். ஷிமானோ பெயர் போட்ட போலிகளும் வருகின்றன, அச்சு மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

கொட்டகலையிலிருந்து:

நன்றி டீச்சர், நன்றி தம்பி. டூர்னி டெரைலர்தான் வாங்கப் போகிறேன். ஃப்ரீவீல் கழற்றப் போகிறவர்களுக்கு ஒன்று: ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகும். என்னுடையது வீட்டில் அசையவே இல்லை, கடைசியில் ஹட்டனில் சைக்கிள் திருத்துகிற பாஸ் ஒருவர் அதற்குரிய சாவியை வைஸில் பிடித்து, சில்லையே சுற்றிக் கழற்றினார். புதிதாகப் போடும்போது மறையில் கிரீஸ் தடவச் சொன்னார், தடவியிருக்கிறேன்.