தூண்டில் ரீலை சர்வீஸுக்குக் கொடுத்தால் எத்தனை நாளில் கைக்கு வருகிறது?

கோவளத்திலிருந்து:

ஐப்பசி மழை பிடித்துக் கடல் புரள ஆரம்பித்ததும் நாம் எல்லாரும் ஒரே சமயத்தில் ரீலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். போன வருஷம் நானும் அப்படித்தான் போனேன். 5000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுவது போல நறநறவென்று சத்தம். “ஒரு வாரத்துல வாங்கிக்கலாம் சார்” என்றார் கடைக்காரர். கைக்கு வந்தது 43-வது நாள்.

மூன்று வாரம் பொறுத்து நேரில் போய்ப் பார்த்தால், நான் கொடுத்த அதே துணிப்பையில், போட்ட முடிச்சு அவிழாமல் அலமாரியில் கிடக்கிறது. அதுதான் வலித்தது. வேலை குவிந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் பொங்கல் கழித்துக் கொண்டுவந்திருப்பேன். அதற்குப் பிறகு பிரித்தார்கள். நரம்பு உருண்டு போகிற லைன் ரோலரின் பேரிங் துருவேறி இறுகிவிட்டது, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங்கும் போய்விட்டது என்றார்கள். பாகம் வெளியூரிலிருந்து வர இன்னொரு 20 நாள்.

பாகம் வந்த பிறகு, வேலை நடந்த அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல், அதைச் சுற்றி ஓடும் ரோட்டர், பக்கமூடி எல்லாம் கழற்றி, கண்மை போலக் கறுத்திருந்த பழைய கிரீஸை வழித்து, கியர் பற்களை டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பேரிங்குகளைக் கழுவி ஒவ்வொன்றாக விரல் நுனியில் சுழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டி முடிக்க இரண்டரை மணி நேரம். வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் காத்திருப்பு.

உங்களுக்கெல்லாம் எவ்வளவு நாள் ஆனது, சொல்லுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணே, இந்தக் காத்திருப்புக்குப் பயந்துதான் நானே பிரிக்கக் கத்துக்கிட்டேன். நமக்குக் கரைத் தூண்டில். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான். கரையில நிக்கிற நமக்கு வருஷம் பூரா வேலை, அதனால ரீலை ரொம்ப நாள் விட்டுட்டு இருக்க முடியாது.

முதல் தடவை ராத்திரி சாப்பிட்டுட்டு 9 மணிக்கு உட்கார்ந்தேன், எந்திரிக்கும்போது மணி 2. பிரிக்க அரை மணி நேரம்கூட ஆகல. எல்லாத்தையும் பூட்டிச் சுத்திப் பார்த்தா கைப்பிடி லொடலொடன்னு ஆடுது. மறுபடி பிரிச்சுத் தேடுனா, மெயின் கியர் பக்கத்துல வர்ற ஷிம்ங்கிற மெல்லிசு வளையத்தைக் காணோம். வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும் அது. கடைசில, கிரீஸைத் துடைச்சுப் போட்ட துணியோட மடிப்புக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்பல்லாம் வெள்ளைத் துண்டு விரிச்சு, கழட்டுற வரிசையிலயே அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் போன்ல படம் எடுத்துக்கிறேன். 2 மணி நேரத்துல முடிஞ்சிருது.

புதுச்சேரியிலிருந்து:

நண்பர்களுக்காக நான் பல வருஷமாக ரீல் பிரித்துக் கொடுக்கிறேன், அதனால் மெக்கானிக் பக்கத்தையும் சொல்கிறேன். வெளியே துடைத்து, லைன் ரோலருக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் எண்ணெய் விட்டு, மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும் என்று வைக்கிற டிராக்கின் வாஷரைச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் போதும். முழுசாகப் பிரித்தால் இரண்டு, மூன்று மணி நேரம். ஆனால் கடல் தண்ணீரில் முங்கிய ரீல் வந்தால் அன்றைக்கு முடியாது. அலுமினிய உடம்போடு திருகு உப்புப் பூத்துப் பிடித்திருக்கும். அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும். துருநீக்கி எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்துத்தான் மறுநாள் கை வைப்பேன்.

தூத்துக்குடித் தம்பிக்கு ஒன்று: ரிவர்ஸ் சுற்றாமல் தடுக்கிற ஒன்-வே கிளட்ச் உருளைகளில் கிரீஸ் தடவிவிடாதே. உருளை வழுக்கி, மீன் இழுக்கிற நேரத்தில் கைப்பிடி பின்னால் சுற்றி விரலில் அடிக்கும். அங்கே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். டைவா கம்பெனியின் மேக்சீல்டு ரீல் இருந்தால் அதில் சீல் போட்ட இடத்தை நீ திறக்காதே. உள்ளே காந்த எண்ணெய்தான் தண்ணீரைத் தடுத்து நிற்கிறது, துடைத்துவிட்டால் வீட்டில் திரும்ப நிரப்ப முடியாது.

இன்னொன்று. கரைக்கு வந்ததும் பைப்பை அழுத்தி ரீல்மேல் பீய்ச்சுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. அந்த வேகத்தில் உப்பு உள்ளே போய்விடும். டிராக்கை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து தூறல் மாதிரி விட்டு அலம்புங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.

கோவளத்திலிருந்து:

நன்றி அண்ணா. என் லைன் ரோலர் பேரிங் இறுகியதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது, நானும் பைப்பை அழுத்தித்தான் பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் ஆவணியிலேயே, வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். முதலில் கேட்டது “எத்தனை ரீல் எனக்கு முன்னால் இருக்கிறது?” என்றுதான். “மூணு” என்றார். பெட்டியோடு வந்த பாகப் படத்தில் நம்பர் பார்த்து, அந்த இரண்டு பேரிங்கையும் ஒரு மாதம் முன்பே வரவழைத்திருந்தேன், அதையும் ரீலோடு சேர்த்துக் கொடுத்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார். லைன் ரோலர் பேரிங்கை மட்டும் மாற்றியிருந்தார். இன்னொன்று கவர் பிரிக்காமல் என் தூண்டில் பெட்டியில் இருக்கிறது.