ஆறின சோறும் அரைத்து வைத்த சட்னியும்

சென்ற ஆடி மாதம், மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் இரவு 9 மணிக்கு முட்டை ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டேன். வாணலியில் தீ எழும்ப எழும்பக் கண்ணெதிரே வறுத்துக் கொடுத்ததால், இதில் எந்தக் கிருமி பிழைத்திருக்கப் போகிறது என்றே நினைத்தேன். 12 மணிக்குள் நான்கு முறை வாந்தி எடுத்தேன், காய்ச்சல் இல்லை.

மறுநாள் மருத்துவர், சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது என்றுதான் முதலில் கேட்டார். இரண்டரை மணி நேரம் இருக்கும் என்றதும், "சோறா?" என்றார். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் உலைநீரிலும் சாகாமல் தங்கிவிடும் என்றும், வடித்த சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும் என்றும், அந்த நஞ்சு பிறகு எவ்வளவு வறுத்தாலும் அழியாது என்றும் விளக்கினார். 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வருவது அதன் போக்காம். பரிசோதனை செய்யாததால் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அந்த வண்டிக்குப் போனேன், சண்டை போடுவதற்காக அல்ல. பிற்பகல் 3 மணிக்கு வடித்த சோறு ஓர் அலுமினிய அன்னக்கூடையில் விளிம்பு வரை அமுக்கப்பட்டு, ஈரத்துணியால் மூடப்பட்டிருந்தது. மேலே குளிர்ந்திருந்தாலும், கரண்டியை உள்ளே விட்டால் நடுவில் இன்னும் சூடு இருந்தது. "சூட்டோட போட்டா குழைஞ்சிரும்ணே, ஆறின சோறுதான் உதிரியா வரும்" என்றார் கடைக்காரர். தொழில்முறையில் அவர் சொன்னது சரிதான். குளிர்பெட்டி இல்லாத வண்டியில், அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி விரைவாக ஆற்றுவதும், இரவுக்கு இரண்டு ஈடாக வடிப்பதும்தான் எனக்குத் தோன்றிய வழி. இரண்டாவது ஈட்டுக்கு அடுப்பு ஏது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

* * *

வேறொரு முறை எனக்கு வயிறு கெட்டது, கரும்புச்சாற்றில் போட்ட பனிக்கட்டியால் என்றே இன்றும் சந்தேகிக்கிறேன். மீனைப் பதப்படுத்தப் பயன்படும் உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018இல் உத்தரவிட்டது. ஆனால் நான் பார்த்த கட்டி வெள்ளையாகவே, சாக்கில் சுற்றி நடைபாதையில் வைத்து உடைக்கப்பட்டது. அன்று முதல் எங்கே சாறு குடித்தாலும், "ஐஸ் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

* * *

என் அம்மா பதினேழு ஆண்டுகள் தெருவோரம் இட்லிக் கடை நடத்தியவர் என்பதால், மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஆவி பறக்கும் இட்லியைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. தேங்காய்ச் சட்னிதான் கவலை. விடியற்காலையில் பாதித் தேங்காயை மட்டும் அரைப்பார், மீதியை 8 மணிக்கு அரைப்பார். வெயில் ஏறிய பின் தூக்குவாளியில் சட்னி மிஞ்சியிருந்தாலும் யாருக்கும் ஊற்ற மாட்டார். "காசு கொடுத்துச் சாப்பிடுறோம், சட்னிக்கு என்ன கஞ்சத்தனம்?" என்று திட்டியவர்கள் உண்டு. அவர்களுக்கும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும்தான் வைத்தார்.