ஷிமானோ ஷிஃப்டருடன் ஸ்ராம் டீரெய்லர்: யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என்னுடைய ஹைப்ரிட் சைக்கிளில் இருப்பது ஷிமானோ ஆல்டஸ் கியர் செட், 3x8 (முன்னால் மூன்று, பின்னால் எட்டு பல்சக்கரம்). வண்டி சாய்ந்து விழுந்ததில் ரியர் டீரெய்லர் (செயினைப் பின் பல்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் பாகம்) வளைந்துவிட்டது. கடையில் கையிருப்பில் இருப்பது ஸ்ராம் எக்ஸ்4 மட்டும்தான். "எட்டுக்கு எட்டு, சரியாகப் பொருந்தும்" என்கிறார் கடைக்காரர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு), செயின் பற்றிக் கவலையில்லை. 8 ஸ்பீடில் இரண்டு கம்பெனிக்கும் பல்சக்கர இடைவெளி ஒன்றுதான். கேஎம்சி செயின் எதிலும் ஓடும். சிக்கல் கேபிள் இழுப்பில், அதாவது ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் பாகம்) கேபிளை இழுக்கும்போது டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பதில். கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால் ஷிமானோவின் பழைய டீரெய்லர் ஏறத்தாழ 1.7 மி.மீ. நகரும், எக்ஸ்4 சுமார் 1.1 மி.மீ. மட்டுமே. அப்படியானால் எவ்வளவு டியூன் செய்தாலும் கியர் சரியாக விழாது, இல்லையா?

ஷிஃப்டரையும் ஸ்ராமுக்கு மாற்றலாம்தான். ஆனால் என்னுடையதில் பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே துண்டு. செலவு எங்கேயோ போய்விடும்.

ஷிமானோவின் 9 ஸ்பீடு அசெரா டீரெய்லருக்கு இழுப்பு அதேதான். அதை 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு, 11-32 கேசட்டில் (சிறிய பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 32), முன்னால் மூன்று பல்சக்கரத்துடன் ஓட்டுபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் உரசுகிறதா? பழைய அசெரா டீரெய்லர் யாரிடமாவது சும்மா கிடந்தால் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.